கடைசி எழுத்து மேலே போகணும்

இரஷ்ஷாய்மாசே. கதவு திறந்ததும் முதலில் கத்துகிறவர் பூமிநாதன் அண்ணன்தான், தண்ணீர் வைக்க வந்தபோது ஊர் கேட்டேன், மானாமதுரை என்றார், கேட்டிருக்கவே வேண்டாம், அவர் கத்துவதில் ஒரு பஸ் புறப்படுகிறது, படியில் தொங்கிக்கொண்டு ராமேஸ்வரம் ராமேஸ்வரம் என்று கூப்பிடுகிற அதே இழுப்பில் ஜப்பான்காரர்களுடைய வாங்க வாங்கவை ஏற்றி அனுப்புகிறார், அது புறப்பட்டதும் அடுப்படிக்குள்ளிருந்து மிசோரம் அண்ணன்கள் இரண்டு பேர், அவர்கள் வாயில் அது மலையில் மோதித் திரும்பி வந்த மாதிரி, பிறகு வாசல்மேசை நேபாள அக்கா, மெல்லிசாக, ஊசியில் நூல் கோக்கிறது போல, கடைசியாகக் கரியடுப்புக்கு முன்னால் விசிறியோடு நிற்கிற மொரித்தா சமையல்காரர், தலைவர், ஆனால் அவர்தான் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மாசே மட்டும் சொல்கிறார். ஒருவரும் தலை நிமிர்ந்து வாசலைப் பார்ப்பதில்லை. காதில் விழுந்தால் வாய் கத்தும், கை கோழிக்குச்சியைத் திருப்பும். இதுதான் எனக்குத் தித்திக்கிறது, பார்க்காமலே வாங்க வாங்க, யார் வந்தாலும், திருடனே வந்தாலும். டைல்ஸ் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இந்த ஜப்பான் சாப்பாட்டுக்கடை, வெளியே சென்னை வியர்த்துக்கொண்டிருக்க, உள்ளே சிவப்புக் காகித விளக்குகள் புகைக்குள் தொங்குகின்றன, யாரோ நிறைய நிலாக்களைக் கழுவி உலர்த்தப் போட்டது போல, அதன் கீழே டை தளர்த்திய ஸ்ரீபெரும்புதூர் ஜப்பான்காரர்கள் குடித்துச் சிவந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பேசுகிறார்கள், பேச்செல்லாம் மீன்தொட்டித் தண்ணீரில் குமிழிகளாக மேலே போய் விளக்கில் முட்டி உடைகிறது, நான் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்குகிறேன். என் தொண்டையில் ஏற்கனவே ஒரு காலனியே குடியிருக்கிறது. எங்கள் ஹெச்எம் மேரி ஸ்டெல்லா, சைலன்ஸ் என்பதைச் சத்தமாகச் சொல்கிறவர், அவர் குரலில் மைக்கில் அரைநாள் லீவு அறிவித்து ஏழாம் வகுப்பு முழுவதையும் கேட் வரை அனுப்பியிருக்கிறேன். மாடிவீட்டு வக்கீல், பாஸ்டர், பால்காரர், பஹ்ரைனிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் வாட்ஸப்பில் வருகிற அப்பா, ம்ம் அப்புறம், படிக்கியா, சரி வைக்கட்டா, அவ்வளவுதான் அப்பா, சுலபம், அரை நிமிஷத்தில் செய்துவிடலாம். எல்லோரையும் செய்வேன். எதிரே உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரைத் தவிர.

இவரை எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவின் கல்யாணப் பேச்சு இன்றோடு முடிந்தது. வாடகைக் கார் ஏறும்போது அம்மா சொல்லிவிட்டாள், கண்ணாடியில் பொட்டு மாதிரி ஏதோ சரிசெய்துகொண்டே, எங்களுக்குப் பொட்டெல்லாம் கிடையாது, சும்மா கைக்கு ஒரு வேலை, "ஏட்டி, அவரு நல்ல மனுஷன். ஆனா உனக்கு ஒத்துவரலைன்னா விட்டுடுவோம். நான் பேசிக்கிடுதேன். மொறைச்சுக்கிட்டு மட்டும் இருக்காத." நான் பாஸ்டர் குரலில், ஆண்டவர் சித்தம் எதுவோ அது நடக்கட்டும் மகளே, என்றேன், அம்மா சிரித்தாள், சிரிப்பின் கடைசியில் மூக்கு வழியாக ஒரு சின்ன உறுமல் வந்தது, பன்றிக்குட்டி ஒன்று தூக்கத்தில் புரண்டு படுத்தது போல. அந்த உறுமல் வந்தால்தான் அது சிரிப்பு. மற்றதெல்லாம் ஆபீஸ். அம்மா ரெபேக்கா ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் ஜப்பானியருக்கும் தமிழருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவள், அங்கே வாயைக் கையால் பொத்திச் சிரிக்க ஒரு சிரிப்பு, கோயில் வாசலில் ஒன்று, சித்திகள் போன் செய்தால் ஒன்று, அதையெல்லாம் நான் செய்வேன், உறுமலை மட்டும் செய்ய முடிந்ததில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு எத்தனையோ தரம் முயன்று இருமல் வந்ததுதான் மிச்சம். செய்ய முடியாது, ஆனால் வரவழைக்க முடியும். விவாகரத்தாகி அப்பா போனதிலிருந்து வீட்டில் அது என் வேலை. சமைப்பது அவள், சிரிக்க வைப்பது நான். போன வருஷம் சபையில் பார்த்து முடிவாகிற மாதிரி ஒருவர் வந்தார், பாக்கியநாதன் அங்கிள், கப்பலில் வேலை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் உதட்டைச் சப்பி, அப்படித்தானே, என்பார். ரெண்டாவது தோசைக்கு அம்மா மாவு ஊற்றும்போது நான் பின்னால் நின்று, தோசை வட்டமா இருக்கணும், ப்ச், அப்படித்தானே, என்றேன். கரண்டி கீழே விழுந்தது, அப்படிச் சிரித்தாள், தோசை கருகியது, பாக்கியநாதன் அங்கிளும் கருகினார், அடுத்த ஞாயிறு அவர் உதட்டைச் சப்பியபோது அம்மா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு தடவை சிரித்துவிட்டால் அந்த ஆளை அப்புறம் எப்படிக் கட்டிக்கொள்வது. அது ஒரு சட்டம், நான் கண்டுபிடித்தது. ஆகவே இன்றைக்கும் கைப்பிடி ஒன்று வேண்டும், குரலில் ஒரு காது, ஒரு வளையம், தூக்குவதற்கு வசதியாக ஏதாவது, ஆனால் சாலமோன் அங்கிளிடம் எல்லாம் வழவழவென்று இருக்கிறது, சோப்புத் தண்ணீரில் கிடக்கிற தட்டு மாதிரி, பிடித்தால் நழுவுகிறது.

கம்பெனியில் பிரேக் சத்தம் கேட்கிற வேலையாம். சத்தமே நுழையாத ஓர் அறையில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றவிட்டு, நிறுத்தி, கீச் என்கிறதா என்று கேட்பது. பகல் முழுவதும் கீச்சுக்குக் காத்திருக்கிற மனிதர். நீலச் சட்டை, பெரிய காது, அந்தக் காது மட்டும் யாருடையதோ போல. கேட்காமலே முதலில் ஒரு சின்னக் கிண்ணம் வைப்பார்கள் இங்கே, யார் உட்கார்ந்தாலும், இன்றைக்கு உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயாக் காய், அதை அவர் இரண்டு விரலால் பிதுக்கினார், பருப்பு பறந்து போய் அடுத்த மேசை ஜப்பான்காரருடைய பீர் தம்ளருக்குள் விழுந்தது, அவர் கவனிக்காமல் தூக்கிக் குடித்தார், சாலமோன் அங்கிள் முகம் மாறாமல், "காணிக்கை போட்டாச்சு," என்றார். அம்மா சிரித்தாள். உறுமல் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் உதவி இல்லாமலே, பன்றிக்குட்டி எழுந்து வந்து அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. வேலை போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல, கேட்டில் அடையாள அட்டையைக் காட்டினால் விளக்கு பச்சை ஆகாமல் நிற்கும் என்று வக்கீல் மாமா யாரிடமோ சொன்னாரே, அது. உடனே ஏதாவது செய்தாக வேண்டும், மேசைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடுவது போல் தேடிக்கொண்டு, பூமிநாதன் அண்ணனை எடுத்து மாட்டிக்கொண்டு, கத்தினேன், இரஷ்ஷாய்மாசே. அடடா. மிசோரம் கத்தியது, நேபாளம் கத்தியது, மொரித்தா விழுங்கிய மிச்சத்தைத் துப்பினார், பூமிநாதன் அண்ணன், அவர்தான் முதல் குரல் என்று எல்லோரும் நினைக்கிற அந்த பூமிநாதன் அண்ணனே, முதுகைக் காட்டிக்கொண்டு கத்திவிட்டு, வருகிறவர் முகம் துடைக்கச் சூடான துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் ஒருவரும் இல்லை. நீலத் திரைத்துணி ஏசிக் காற்றில் ஆடியது. அவர் துண்டோடு நின்றார், துண்டிலிருந்து ஆவி எழுந்தது, வராத விருந்தாளி அங்கே நின்று முகம் துடைத்துக்கொள்கிறார் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது, மெலிந்த, உயரமான, குடை வைத்திருக்கிற ஒருவர், எந்த ஊர்க்காரரும் இல்லை. அண்ணன் நேபாள அக்காவைப் பார்த்தார், அக்கா தோளைக் குலுக்கினாள், துண்டு திரும்பி வந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரியவில்லை, உணவு அட்டையில் மூழ்கியிருந்தாள். நான் செருப்போடு நிமிர்ந்தேன், சாலமோன் அங்கிள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெரிய காது என் பக்கம் இருந்தது. "அது நீ," என்றார், மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல். "நல்லா இருந்துது. ஆனா கடைசி எழுத்தை அவர் மேல கொண்டுபோறார். நீ கீழ இறக்கிட்ட."

கீழே இறக்கினேனா. இறக்கினேன். மனதுக்குள் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் என் சே படியிறங்கி உட்கார்ந்துவிடுகிறது, அவருடைய சே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பதினாறு வயது வரை என்னை யாரும் திருத்தியதில்லை, சிரித்திருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள், ஹெச்எம் அறை வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள், ஆனால் சரியாகக் கேட்டுவிட்டு இந்த இடத்தில் பிசகு என்று ஒருவர் சொல்வது, காதைப் பிடித்துத் திருகின மாதிரியும் இருந்தது, முதுகில் தட்டின மாதிரியும் இருந்தது, எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை, அதனால் கோபப்பட்டு வைத்தேன், கோபத்தில்தான் காது கூர்மையாகிறது. இனி விடக்கூடாது. கோழிக்குச்சி வந்தது, கரிவாசமும் இனிப்புமாக, அம்மா ஈரல் குச்சியை என் தட்டில் வைத்தாள், மேலே நிலாக்கள் மெல்லச் சுற்றின, நான் கடித்துக்கொண்டே அவர் வாயையே பார்த்தேன். "நல்லா எடுத்துக்கோ," என்றார் என்னிடம். எடுத்துக்கோ. சாப்பிடு என்றால் என்ன. "அந்தப் பழுப்புப் பொடியைக் கொடு, ரெபேக்கா." சீரகத்தூள் என்றால் என்ன. "ஓகே." மறுபடி ஓகே. எங்கள் வீட்டு வழக்கத்தில் யாருமே இவ்வளவு ஓகே சொல்வதில்லை, சரி என்போம், சரிட்டி, சரிம்மா, சரி வைக்கட்டா. கீழே வாசலில் அம்மாதான், இவருதான் சாலமோன், என்றாள், அவர் வணக்கம் என்று சிரித்தார், மேலே நேபாள அக்கா எழுதிக்கொள்ளப் பேர் கேட்டபோது சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார், பெரிய ஆபீஸர் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கார்டு புகைக்குள்ளிருந்து மிதந்து வந்து என் முன்னால் நின்றது. தண்ணீர் தம்ளரை எடுக்கிறார், ஒரு வாய் குடிக்கிறார், அதற்குப் பிறகு பேச்சு வேறு தெருவில் புறப்படுகிறது. பேருக்கு முன்னால், சாப்பாட்டுக்கு முன்னால், சரிக்கு முன்னால், பள்ளத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வண்டியை ஒடிக்கிற ஆள் மாதிரி, எத்தனை வருஷப் பழக்கமோ, பள்ளம் இருப்பதே அடுத்தவருக்குத் தெரிவதில்லை. ச. அவருக்கு ச வராது. திக்கும். வழவழப்பெல்லாம் ஒட்டுப் போட்ட வழவழப்பு. கிடைத்துவிட்டது, கைப்பிடி, காது, வளையம், எல்லாம் கிடைத்துவிட்டது, எனக்கு மேசைக்கு அடியில் கால்கள் தானாக ஆடின. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கடையில் கையைத் தூக்கினால் யாரும் வரமாட்டார்கள். சுமிமாசேன், கொஞ்சம் இங்கே பாருங்க, என்று அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் வருவார்கள், எல்லா மேசையும் அப்படித்தான் கத்துகிறது. அவர் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார், பூமிநாதன் அண்ணன் மூன்று பீரோடு கடந்துபோனார். அம்மா திரும்பி, சுமிமாசேன், என்று கத்தினாள். கத்திவிட்டு அவர் தட்டில் இஞ்சியை எடுத்து வைத்தாள், இது தினமும் நடக்கிறது என்பது போல. அம்மாவுக்குத் தெரியும்.

கீழேயிருந்து வாட்ச்மேன் மூச்சு வாங்க வந்து, "நீல கலர் வண்டி யாருது சார், டைல்ஸ் லாரி உள்ள வரணுமாம்," என்றார், சாலமோன் அங்கிள் எழுந்து, என்னுது, என்று சாவியைக் காட்டி, திரைத்துணியை விலக்கிக்கொண்டு போனார். துணி ஆடி நின்றது. அம்மா குச்சிகளை ஒரே நீளத்தில் அடுக்கினாள், கலைத்தாள். "ம். சொல்லு," என்றாள். நான் ஈரலை மென்றேன், அது முடிகிற வழியாக இல்லை. "கண்டுபிடிச்சிட்ட, என்ன? உன் மூஞ்சியிலேயே தெரியுது. கால் வேற ஆடுது." நான் காலை நிறுத்தினேன். "கிண்டல் பண்ணணும்னா இப்பவே பண்ணிருட்டி. வீட்ல வச்சு வேண்டாம்." அம்மா குரலில் எந்தக் குரலும் இல்லை, ஆபீஸும் இல்லை கோயிலும் இல்லை. "சிரிக்க மாட்டேன்னு நான் சொல்லல. நீ பண்ணினா சிரிச்சிருவேன். அதான் எனக்கு பயமா இருக்கு." அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சுடர் எழுந்தது, மொரித்தா விசிறினார், எல்லா முகமும் ஒரு தரம் சிவந்து அணைந்தது. என்னிடம் தயாராக இருந்தது. கை தம்ளருக்குப் போகும், தொண்டை மணி ஒரு தரம் ஏறி இறங்கும், ச் என்று ஒன்று பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும், நான் ச்சா, ச்சா, சாலமோன் என்பேன், மூன்று நொடி, அம்மா சிரிப்பாள், உறுமல் வரும், எனக்கு வரும், என்னிடம் திரும்பி வரும், நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவோம், வக்கீலையும் பால்காரரையும் கூட்டிக்கொண்டு, இதுவரை இருந்தது போலவே, நான் கல்லூரிக்குப் போகிறவரை, அதற்குப் பிறகு யார், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் தோசை மாவுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று ஒரு கேள்வி வந்தது, அதைத் தள்ளிவிட்டு, கையைத் தம்ளருக்குக் கொண்டுபோனேன், ஒத்திகைக்கு வாய்க்குள்ளேயே முதலில் செய்துபார்த்தேன், எப்போதும் அப்படித்தான், நாக்கை அவர் வைக்கிற இடத்தில் வைத்தேன், மூச்சைப் பின்னால் நிறுத்தினேன். நின்றது. நான் நிறுத்தியது, ஆனால் நானே எடுக்கப் போனால் வரவில்லை. மற்றவர்கள் குரலுக்குள் நுழைந்தால் அங்கே நாற்காலி, ஜன்னல், ஏதாவது இருக்கும், ஹெச்எம் குரலுக்குள் ஒரு மின்விசிறிகூட ஓடும், இங்கே ஒன்றும் இல்லை, ஒரு கதவு மட்டும், உள்ளேயிருந்து ஒருவர் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார், வெளியே எல்லோரும் வாங்க வாங்க என்கிறார்கள், பார்க்காமலே. அந்தச் சே எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இந்தக் கடை முழுவதிலும் சரியாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முழுசாகக் காதில் இருக்கிறது. வாயில் வராது. நான் ஒரு செருப்பைத் தேடுகிற நேரத்தில் கத்திவிட்டு நிமிர்ந்தேன். "என்னட்டி, மூச்சைப் பிடிச்சிட்டு இருக்க," என்றாள் அம்மா. அப்போது திரைத்துணி விலகியது.

அவர் நின்றார், கையில் சாவி, சட்டையில் சென்னை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏற்கனவே வந்தவர் என்று நேபாள அக்காவுக்குத் தெரியும், அதனால் அவள் குனிந்தே இருந்தாள், பூமிநாதன் அண்ணன் பில் போட்டுக்கொண்டிருந்தார், ஒருவரும் கத்தவில்லை, கடைக்குள் நுழைந்து யாரும் கத்தாத ஒரே மனிதராகப் புகைக்குள் எங்கள் மேசையைத் தேடினார், பார்த்தார், அம்மாவை அல்ல, என்னை, என் கை இன்னும் தம்ளரில் இருந்தது, அவருக்கு அது என்ன கை என்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் ஒரு அடி எடுத்து வைத்தார். எனக்குள் நின்றிருந்த மூச்சுக்கு எங்காவது போகவேண்டியிருந்தது. குனியவில்லை, செருப்பைத் தேடவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே மானாமதுரையை முழுசாக எடுத்து, ராமேஸ்வரம் பஸ்ஸை எடுத்து, வாசலைப் பார்த்து, இரஷ்ஷாய்மாசே, என்றேன், கடைசி எழுத்தை விடாமல் பிடித்து மேலே, விளக்குகள் வரைக்கும் மேலே கொண்டுபோய் விட்டேன். மிசோரம் கத்தியது. நேபாளம் கத்தியது. மொரித்தா இந்தத் தடவை விழுங்காமல் முழுதையும் சொன்னார். பூமிநாதன் அண்ணன் பில்லிலிருந்து தலையைத் தூக்காமலே கத்திவிட்டு, பிறகு தூக்கி, என்னைப் பார்த்து, வாயை மூடாமல் நின்றார். குடித்த ஜப்பான்காரர்கள் சிலரும் சும்மா கத்தினார்கள். எல்லாச் சத்தமும் திரைத்துணிப் பக்கம் போய் அவர் மேல் விழுந்தது, அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைசிக் குரல் அடங்குகிறவரை கேட்டுக்கொண்டு, அப்படியே நின்றார், சத்தமே நுழையாத அறையில் நிற்பது போல.

பிறகு வந்து உட்கார்ந்தார். தம்ளர் என் கையில் இருந்தது, அவர் அதைத் தேடவில்லை. ஓகே என்று சொல்லியிருக்கலாம். நல்லா இருந்துது என்று மறுபடி சொல்லியிருக்கலாம். "இப்ப," என்றார், நிறுத்தினார், தொண்டை மணி ஏறியது, முகம் கோணியது, அம்மா கை மேசைமேல் பாதி தூரம் வந்து நின்றது, நாங்கள் காத்திருந்தோம், அவசரமே இல்லாமல், "இப்ப ச... ச... ச... சரியா இருக்கு."

"என்ன சரியா இருக்கு?" என்றாள் அம்மா.

"கடைசி எழுத்து," என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தட்டு ஏந்தியபடி நிற்கிற பூமிநாதன் அண்ணனைப் பார்த்தாள், அவர் இரண்டாம் முறையாகச் சூடான துண்டோடு வந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார், உறுமல் முதலில் வந்தது, சிரிப்பு பின்னால் வந்தது. அது யார் மடிக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பசித்தது. துண்டை வாங்கிச் சாலமோன் அங்கிள் கையில் கொடுத்தேன், ஆவி பறந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க அங்கிள்," என்றேன். "மெதுவா சொல்லுங்க. நான் கத்துறேன்."